தாத்தா சொன்ன புகையும் மலை

கோத்தகிரி பக்கத்திலிருந்து ஒரு பேத்தி கேட்டிருக்கிறார். அவருடைய தாத்தா 1941-ல் பட்டாளத்தில் சேர்ந்து, சிங்கப்பூரில் பிடிபட்டு, 1946-ல் மலைக்குத் திரும்பியவர். எண்பது வயதுவரை அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதற்குப் பிறகு சாகும்வரை அதைத் தவிர வேறு பேச்சில்லை. அவர் சொல்லச் சொல்ல, அம்மா ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். "ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை. ஒரு பக்கத்தில் நேதாஜி படையில் இருந்தேன் என்கிறார், அடுத்த பக்கத்தில் கைதியாக இருந்தேன் என்கிறார். சிங்கப்பூர் என்று தொடங்கி, மலை புகையும், தரை ஆடும் என்று முடிக்கிறார். ஊரில் எல்லோரும் பர்மா சண்டைக்குப் போனவர் என்பார்கள். பென்ஷனும் வரவில்லை. வயதான காலத்தில் புத்தி தடுமாறிச் சொன்னாரா?" என்பது அவர் கேள்வி.

புத்தி தடுமாறவில்லை அம்மா. நீங்கள் அனுப்பிய பக்கங்களை இரண்டு தடவை படித்துவிட்டுச் சொல்கிறேன். வெலிங்டனில் முப்பது வருடம் முன்னாள் சிப்பாய்களுக்கு மனு எழுதிக் கொடுத்தவன் நான். அதைவிட முக்கியம், என் பெரியப்பாவும் உங்கள் தாத்தா இருந்த அதே இடத்தில்தான் இருந்தார் என்பது. நோட்டில் பாதி வரிகளை நான் சின்ன வயதில் அருவங்காட்டு வீட்டுத் திண்ணையில் கேட்டிருக்கிறேன்.

பதக்கங்களிலிருந்து தொடங்குகிறேன். படத்தில் மூன்று தெரிகின்றன. வட்டமாக இருப்பது போர்ப் பதக்கம். திருப்பிப் பாருங்கள், இரட்டைத் தலை டிராகனை மிதித்துக்கொண்டு ஒரு சிங்கம் நிற்கும். ஆறுமுனை நட்சத்திரங்களில் ஒன்று 1939-45 ஸ்டார். மற்றது பசிபிக் ஸ்டார். பர்மாவில் சண்டையிட்டவர்களுக்குத் தந்தது பர்மா ஸ்டார், அதன் நாடா கருநீலம், நடுவில் அகலமான சிவப்புப் பட்டை. உங்கள் தாத்தாவின் நாடா கரும்பச்சை, நடுவில் மஞ்சள் கோடு, இரண்டு ஓரமும் சிவப்பு. ஜப்பான் மலாயாவில் இறங்கிய 1941 டிசம்பர் 8-க்கும் சிங்கப்பூர் விழுந்த 1942 பிப்ரவரி 15-க்கும் நடுவே அங்கே இருந்த சிப்பாய்க்குக் கிடைத்தது இந்த நாடாதான். ஊர்க்காரர்கள் பொய் சொல்லவில்லை. கிழக்கே கப்பலேறிப் போய்த் திரும்பிய யாரையும் நம் மலையில் 'பர்மாக்காரர்' என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். பெரியப்பாவையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், பர்மா மண்ணை அவர் மிதித்ததே இல்லை.

இன்னொரு திருத்தம். தாத்தா வெலிங்டன் எம்.ஆர்.சி.யில் சேர்ந்தார் என்று வீட்டில் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் வெலிங்டனுக்கு வந்ததே 1947-ல். 1941-ல் இங்கே இருந்தது வெள்ளைக்காரப் பட்டாளத்தின் பாரக்ஸ். பழைய மெட்ராஸ் பட்டாளத்தின் காலாட்படை அணிகளை 1920-களிலேயே கலைத்துவிட்டார்கள், திரும்ப எழுப்பியது இரண்டாம் போரின் நடுவில்தான். மலாயாவில் மெட்ராஸ் ரெஜிமென்ட் காலாட்படை அணி எதுவும் சண்டையிடவில்லை. அங்கே போன தமிழர்களில் பெரும்பாலோர் சாப்பர்கள் (பாலம், பாதை வேலை செய்யும் பொறியியல் படையினர்), லாரி டிரைவர்கள், ஆஸ்பத்திரி ஆட்கள், பண்டாரி என்ற சமையல்காரர், வாஷர்மேன். நோட்டின் இரண்டாம் பக்கத்தில் "ரேஷன் வண்டி, மூணு டன்" என்று ஒரு வரி இருக்கிறது. அது டிரைவரின் பேச்சு. படைக்குச் சரக்கும் ரேஷனும் கொண்டுபோகும் ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோரில் இருந்திருப்பார். பெரியப்பாவும் அதே. குன்னூரில் ஒரு எஸ்டேட் லாரியில் கிளீனராக இருந்தவரை, வண்டி ஓட்டக் கற்றுத் தருகிறோம் என்று சேர்த்துக்கொண்டார்கள். மலைப்பாதையில் கிளட்சும் பிரேக்கும் பழகிய பையன்களுக்கு அப்போது நல்ல கிராக்கி.

சண்டை பற்றி நோட்டில் அதிகமில்லை. டிரைவர்களுக்கு அது பின்வாங்குகிற சண்டை. ஜிட்ரா, கம்பார், ஸ்லிம் ரிவர் என்று தெற்கே தெற்கே வந்து, ஜனவரி 31-ல் ஜொகூர் பாலத்தை உடைத்துவிட்டுச் சிங்கப்பூர்த் தீவுக்குள் அடைபட்டார்கள். வழியில் ரப்பர் தோட்டத்து லயங்களில் தமிழ்ச் சனம் கஞ்சி ஊற்றியதைப் பெரியப்பா சொல்வார். நம்ம லயம் மாதிரியே இருந்துச்சு, நம்ம பேச்சே பேசினாங்க, இறங்கி அங்கேயே இருந்துடலாம்னு தோணுச்சு என்பார்.

இனி நீங்கள் கேட்ட முக்கியமான பகுதி. "பெரிய மைதானம். உட்காரச் சொன்னாங்க. வெள்ளைக்காரன் நம்மளைக் கைமாத்தி விட்டுட்டுப் போயிட்டான்" என்று நோட்டில் இருப்பது 1942 பிப்ரவரி 17-ல், சரணடைந்த இரண்டாம் நாள், ஃபேரர் பார்க்கில் நடந்தது. சிங்கப்பூர் தேக்கா பக்கத்தில் இன்றும் அந்தப் பெயரில் இடம் இருக்கிறது. வெள்ளைச் சிப்பாய்களைத் தனியாகப் பிரித்துச் சாங்கி கைதி முகாமுக்கு அனுப்பிவிட்டு, 40,000-க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களை அந்தத் திடலில் கூட்டினார்கள். கர்னல் ஹன்ட் என்ற ஆங்கிலேய அதிகாரி அவர்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார். மேஜர் ஃபுஜிவாரா ஜப்பானிய மொழியில் பேசினார். அதை ஆங்கிலத்தில் சொன்னார்கள், அப்புறம் இந்துஸ்தானியில் சொன்னார்கள். பிறகு, பிடிபட்ட இந்திய அதிகாரிகளில் ஒருவரான கேப்டன் மோகன் சிங் எழுந்து, இந்திய தேசிய ராணுவம் அமைக்கப்போவதாக அறிவித்தார்.

மூன்று மொழியில் ஒன்றுகூடத் தமிழ் இல்லை என்பதைக் கவனியுங்கள். பட்டாளத்து இந்துஸ்தானி ஒன்றிரண்டு கட்டளைக்குப் போதும், ஒரு மனிதனின் விசுவாசத்தையே மாற்றிக்கொள்ளச் சொல்லும் பேச்சைப் புரிந்துகொள்ளப் போதாது. பெரியப்பா பக்கத்தில் ஒரு திருச்சிக்காரர் உட்கார்ந்திருந்தாராம். அவர் காதில் சொன்னதுதான் பெரியப்பாவுக்கு மொத்தச் செய்தி: "இனிமே ஜப்பான்காரன் சோறு போடுவானாம், அவன்கூடச் சேர்ந்து இந்தியாவுக்குப் போகலாமாம்." சுற்றிலும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன் என்றார். அப்போது அவருக்கு வயது இருபது.

நேதாஜி படையில் இருந்தேன், கைதியாகவும் இருந்தேன் என்று தாத்தா சொன்னது இங்கேதான் பொருந்துகிறது. தேசிய ராணுவம் என்று நாம் ஒன்றாகச் சொல்வது இரண்டு கட்டமாக நடந்தது. மோகன் சிங் தலைமையில் 1942 செப்டம்பரில் அமைந்த முதல் படையில் ஏறத்தாழ 16,000 பேர் இருந்தார்கள். ஜப்பானியரோடு அவருக்கு ஒத்துவராமல், டிசம்பர் கடைசியில் அவரையே கைது செய்துவிட்டார்கள், படையும் கலைந்தது. நேதாஜி சிங்கப்பூர் வந்தது 1943 ஜூலையில். இந்த இடைப்பட்ட மாதங்களில் முதல் படையிலிருந்து விலகியவர்கள் பலர் திரும்பச் சேரவில்லை. அவர்கள் மறுபடி போர்க்கைதிகள் ஆனார்கள். ஆரம்பத்திலிருந்தே சேராதவர்களோடு அவர்களையும் வேலைக் கூட்டங்களாகப் பிரித்து, கப்பலில் ஏற்றித் தெற்குத் தீவுகளுக்கு அனுப்பினார்கள். தாத்தா சில மாதம் முதல் படையில் இருந்துவிட்டு, பிறகு கைதியாகப் போயிருக்க வேண்டும். பின்னாளில் எல்லாவற்றுக்கும் 'நேதாஜி படை' என்ற பெயரே நின்றுவிட்டதால் அவரும் அப்படியே சொல்லியிருக்கிறார்.

அந்தக் கப்பல்களைப் பற்றி நோட்டில் ஒரே வரி: "தண்ணி மேலே மிதந்தோம், குடிக்கத் தண்ணி இல்லை." கைதிகள் இருக்கிறார்கள் என்று அந்தக் கப்பல்களில் எந்த அடையாளமும் போடவில்லை. அதனால் நேச நாட்டு நீர்மூழ்கிகளே அவற்றை மூழ்கடித்தன. 1943 ஜனவரி 26-ல் அமெரிக்க நீர்மூழ்கி தாக்கிய புயோ மாரு என்ற கப்பலில் மட்டும் 491 இந்தியக் கைதிகள் இருந்தார்கள், 195 பேர் இறந்தார்கள்.

புகைந்த மலைக்கு வருகிறேன். அது ரபவுல். பப்புவா நியூ கினியின் நியூ பிரிட்டன் தீவில் இருக்கும் துறைமுகம். துறைமுகத்தைச் சுற்றி எரிமலைகள். தவுர்வுர் என்ற மலை 1937-ல் வெடித்தது, போர்க்காலத்திலும் அவ்வப்போது புகை விட்டது. தரை அடிக்கடி ஆடும், கடலோரத்தில் வெந்நீர் ஊற்று இருக்கும், கந்தக வாடை மூக்கை விட்டுப் போகாது. "தீக்குச்சி வாசனை" என்று உங்கள் அம்மா எழுதியிருப்பது அதுதான். மனப்பிரமை என்று நினைத்த அந்த வரியே, தாத்தா இருந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தது. வயதானவர்கள் ஊர்ப் பெயரையும் வருடத்தையும் மாற்றிச் சொல்வார்கள். வாசனை, பசி, அடி, எண்ணிக்கை இவை அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. மனு எழுதிய வருடங்களில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அதனால் நோட்டில் ஊர்ப் பெயரைச் சந்தேகப்படுங்கள், உடம்பு பட்டதை நம்புங்கள்.

ரபவுலில் ஏறத்தாழ 1 லட்சம் ஜப்பானியர் இருந்தார்கள். 1943 கடைசியில் குண்டு வீச்சு கடுமையானது. ஆனால் நேச நாட்டுப் படை அங்கே இறங்கிச் சண்டையிடாமல், சுற்றி வளைத்துவிட்டு மேலே போய்விட்டது. 1944 தொடக்கத்தோடு சரக்குக் கப்பல் வருவது நின்றது. அதன்பிறகு உள்ளே இருந்தவர்கள் தாங்களே பயிரிட்டுத்தான் சாப்பிட வேண்டும். கைதிகளுக்குப் பகலில் சுரங்கம் தோண்டும் வேலை, மற்ற நேரம் கிழங்குத் தோட்டம். விளைந்ததில் நல்லது காவலாளிக்கு. கைதிக்கு மிஞ்சியது பூச்சி தின்ற கிழங்கும் கொடியின் இலையும். பெரிபெரி வந்து கால் வீங்கியவர், வயிற்றுக்கடுப்பில் போனவர், மலேரியாவில் போனவர். மருந்து கேட்டால் அடி. ஜெனிவா ஒப்பந்தத்தை ஜப்பான் அங்கீகரித்து ஏற்றிருக்கவில்லை என்பதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. பெரியப்பாவுக்குத் தெரிந்தது காலையும் மாலையும் வரிசையில் நிறுத்தி "பாங்கோ!" என்று கத்துவார்கள் என்பது. ஒவ்வொருவரும் தன் எண்ணை ஜப்பானியத்தில் சொல்ல வேண்டும். தப்பினால் கன்னத்தில் அறை. இச்சி, நீ, சான், சீ, கோ, ரோக்கு. உங்கள் தாத்தா கோழிக்குஞ்சு எண்ணும்போது முணுமுணுத்த "இச்சி நீ சான்" இதுதான். பெரியப்பா எழுபத்தெட்டு வயதில் உருளைக்கிழங்கு மூட்டையை வண்டியில் ஏற்றும்போதும் அப்படியே எண்ணுவார். ஆறாவது எண் வந்ததும் ஒரு கணம் நிற்பார். அந்த வரிசையில் ஐந்தாவதாக நின்ற ஆள் ஒருநாள் காலையில் எழுந்திருக்கவில்லை, அன்றைக்குத் தன் எண் மாறிவிட்டது, பழக்கத்தில் பழைய எண்ணையே சொல்லி அடி வாங்கினேன் என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னார்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். மார்கழி தை மாதத்தில் அருவங்காட்டில் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். நாங்கள் இரண்டு கம்பளிக்குள் சுருண்டு கிடப்போம். பெரியப்பா மட்டும் முழங்காலுக்குக் கீழே கம்பளியை விலக்கிவிட்டு, பாதத்தைச் சில்லென்ற சிமென்ட் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு படுப்பார். பெரியம்மா எத்தனை தடவை போர்த்திவிட்டாலும் தூக்கத்தில் உதறிவிடுவார். கிறுக்குப் பிடிவாதம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஒரு ராணுவ டாக்டர்தான் விளக்கினார். பி வைட்டமின் சத்தே இல்லாமல் வருடக்கணக்கில் கிடந்ததில் பாத நரம்புகள் கெட்டுப்போய், கால் எரிச்சல் ஆயுசுக்கும் நின்றுவிடுமாம். கிழக்கே கைதியாக இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பலருக்கும் இதே எரிச்சல்தான். பொங்கலன்று சர்க்கரைவள்ளிக்கிழங்கு வேகும் வாசம் வந்தால் பெரியப்பா எழுந்து ரோட்டுப் பக்கம் போய்விடுவார். பூஜை முடிந்து கிழங்கை எடுத்து வைத்த பிறகுதான் உள்ளே வருவார். அதற்காக யாரையும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

1945 செப்டம்பர் 6-ல் ரபவுலுக்கு வெளியே ஹெச்.எம்.எஸ். குளோரி என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஜப்பானியத் தளபதி ஜெனரல் இமாமுரா சரணடைந்தார். ஆஸ்திரேலியர்கள் உள்ளே வந்தபோது 5,000-க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களை உயிரோடு கண்டார்கள். நியூ கினியில் வீவாக் பக்கம் அனுப்பப்பட்ட சுமார் 3,000 இந்தியர்களில் மிஞ்சியவர்கள் இருநூறு பேர்கூட இருப்பார்களா என்னும்படி இருந்தது. ஆகவே கொடுமையிலும் ரபவுல்காரர்களுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தது. "மஞ்சக்காமாலை மாதிரி உடம்பெல்லாம் மஞ்சளாகி ஊர் வந்தேன்" என்ற வரிக்குக் காமாலை காரணமாக இருக்க வேண்டியதில்லை. மலேரியாவுக்கு ஆஸ்திரேலியர் கொடுத்த அட்டப்ரின் மாத்திரை தோலை மஞ்சளாக்கும்.

திரும்பி வந்தவர்களை விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்றாகப் பிரித்தார்கள். தேசிய ராணுவத்தில் சேராதவர் வெள்ளை, நெருக்கடியிலோ அரைமனதோடோ சேர்ந்தவர் சாம்பல், முழு மனதோடு சேர்ந்தவர் கறுப்பு. கறுப்புப் பட்டியலில் வந்தவரைச் சம்பளப் பாக்கி இல்லாமல் நீக்கினார்கள். அதே மாதங்களில், டில்லி செங்கோட்டையில் தேசிய ராணுவ அதிகாரிகள் மேல் நடந்த விசாரணையால் நாடே தேசிய ராணுவ வீரர்களுக்காகக் கொதித்துக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் ஊர் திரும்பிய ஒரு டிரைவர் என்ன பேசுவார்? முதல் படையில் இருந்தேன் என்றால் ஆபீசில் ஆபத்து. விலகி வந்தேன் என்றால் தெருவில் தலைகுனிவு. தாத்தாவின் அறுபது வருட மௌனத்தைக் குற்ற உணர்ச்சி என்று மட்டும் படித்துவிடாதீர்கள். அவர் பட்டதற்கு இரண்டு பக்கமும் காது இல்லை.

பென்ஷன் வராததன் காரணம் எளிது. சிப்பாய்க்குப் பென்ஷன் கிடைக்கப் பதினைந்து வருடச் சேவை வேண்டும். 1941-ல் சேர்ந்து 1946-ல் படைக்குறைப்பில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவருக்கு, சிறை வருடங்களைச் சேர்த்தாலும் ஐந்துதான். 1972-ல் மத்திய அரசு தொடங்கிய விடுதலைப் போராட்ட வீரர் பென்ஷனில் தேசிய ராணுவத்தினரும் வந்தார்கள். அது அவர்களுக்கு முழுக்க முழுக்கச் சேர வேண்டியது, ரப்பர் தோட்டத்திலிருந்து போன எத்தனையோ தமிழர்கள் அந்தப் படையில் உயிர் விட்டிருக்கிறார்கள். ஆனால் ரபவுலில் கிழங்கு தோண்டியவருக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

அப்போது ஓர் அலுவலகத்தில் பெரியப்பாவிடம், "நேதாஜி படையில் இருந்ததாக எழுதிக் கொடுங்கள், இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் போதும்" என்றார்கள். மனுவை எழுதப் பேனாவோடு உட்கார்ந்திருந்தவன் நான். வீட்டில் பெரியம்மாவுக்கு மருந்துச் செலவு இருந்தது எனக்குத் தெரியும், எழுதிவிடலாம் என்று நானும் சொன்னேன். பெரியப்பா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "அங்கே போனவன் போனான், செத்தான். நான் போகலை. அவன் பேருல நான் சோறு திங்கவா?" என்றார். அந்தப் பேனாவை மூடி வைத்தேன். அன்றைக்கு எழுதிவிடலாம் என்று நான் சொன்னதற்காக இன்றும் எனக்கு மனம் கேட்பதில்லை.

நீங்கள் தேட வேண்டியது இனி இதுதான். தாத்தாவின் டிஸ்சார்ஜ் புக் எங்காவது டிரங்குப் பெட்டியில் இருக்கும், அதில் படை எண், சேர்ந்த தேதி, விடுவித்த காரணம், நடத்தை எல்லாம் இருக்கும். படைக்குறைப்பு என்று காரணம் போட்டிருந்தால் அவரைக் கறுப்பில் வைக்கவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். எண் கிடைத்தால், தகப்பனார் பெயரும் ஊரும் சேர்த்து, பெங்களூரில் இருக்கும் ஆர்மி சர்வீஸ் கோர் ஆவண அலுவலகத்துக்கு எழுதுங்கள். பாட்டி உயிரோடு இருந்தால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் இரண்டாம் உலகப்போர் வீரரின் விதவைக்கான உதவித் தொகையைக் கேளுங்கள், பென்ஷன் இல்லாதவர்களுக்காகவே அது இருக்கிறது. ரபவுலில் ஆஸ்திரேலியர் நடத்திய போர்க்குற்ற விசாரணைகளில் இந்தியச் சிப்பாய்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள், அந்தத் தாள்கள் ஆஸ்திரேலிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அம்மாவின் நோட்டில் மட்டும் யாரையும் பேனா வைக்க விடாதீர்கள். திருத்தம் எழுதுவதென்றால் தனித்தாளில் எழுதி இடையில் வையுங்கள்.

கடைசியாக ஒன்று. கடைசி மாதங்களில் தாத்தா இரவில் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், சொந்தத்தில் அப்படி யாரும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் அந்தப் பெயரைப் போட்டுப் பாருங்கள். இறந்தவரின் தகப்பனார் பெயர், ஊர், மாவட்டம் என்று பல பேருக்கு அதில் இருக்கும். ரபவுல் பிட்டா பாக்கா கல்லறையிலும், சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச் சுவரில் உள்ள 24,000 பெயர்களிலும் தேடுங்கள். ஆங்கிலத்தில் நம் பெயர்களைக் கண்டபடி எழுதியிருப்பார்கள், நாலைந்து விதமாக எழுத்தை மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். கிடைத்தால் அந்த ஊருக்கு ஒரு கடிதம் போடுங்கள். அந்த வீட்டில் யாராவது இருப்பார்கள். தங்கள் பையன் எந்தத் தீவில் கிடக்கிறான் என்று அவர்களுக்கு இன்னும் யாரும் சொல்லாமல் இருக்கலாம்.